புல்லை எடுத்த இடத்தில் எந்தப் பாலைவனப் பூ?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு வாங்கிய நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி அடிபடும் பேச்சு, முன்வாசல் புல்தரையை எடுத்துவிடலாமா என்பதுதான். தண்ணீர்க் கட்டணம் ஒரு காரணம். 2021 ஆகஸ்டில் கொலராடோ ஆற்றில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று அமெரிக்க அரசு முதன்முறையாக அறிவித்து, 2022 முதல் அரிசோனாவின் பங்கைக் குறைத்தது இன்னொரு காரணம். புல்லை எடுத்துச் சரளை கொட்டியாயிற்று. அப்புறம்? வெயிலில் தகிக்கும் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. "இங்கே தானாக வளரும் காட்டுப் பூ ஏதாவது வைக்கலாமே" என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. நல்ல எண்ணம். ஆனால் நர்சரிக்குப் போனால் பாலைவனப் பூ என்ற பெயரில் ஒரு மேசை முழுக்கத் தொட்டிகள் இருக்கும். அவற்றுள் எதை எடுப்பது என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் இந்த ஊரின் வானிலை. ஃபீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 7 அங்குலத்துக்குச் சற்று மேல், சுமார் 18 செ.மீ. சென்னையில் ஒரு புயல் நாளிலேயே இதைவிட அதிகம் பெய்ததுண்டு. அந்த 18 செ.மீ.யும் இரண்டு தவணையாக வருகிறது: டிசம்பர் முதல் மார்ச் வரை மெதுவாக நனைக்கும் குளிர்கால மழை, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய இடியும் புழுதியுமாக வரும் மான்சூன். வசந்தப் பூக்கள் எல்லாமே குளிர்கால மழையை நம்பி முளைப்பவை. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸை, தொட்டது அல்லது தாண்டியது. மண் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. தோண்டினால் பல இடங்களில் கலிச்சே என்ற வெள்ளைப் பாறைபோன்ற அடுக்கு தட்டுப்படும்.

இந்த நிலைமைக்குப் பொருந்துபவை நிறைய உண்டு. புதிதாகத் தொடங்குபவர் தேர்ந்தெடுக்க நான் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: டெசர்ட் மேரிகோல்ட், குளோப்மேலோ, பாரி பென்ஸ்டமன், மெக்சிகன் கோல்ட் பாப்பி. நான்கும் ஃபீனிக்ஸ் அமைந்திருக்கும் சோனோரன் பாலைவனத்தின் சொந்தப் பூக்கள். நான்கும் இங்குள்ள நர்சரிகளிலோ விதைக்கடைகளிலோ கிடைப்பவை. ஆனால் வறட்சியைச் சமாளிக்கும் விதத்தில் இவை ஒன்றுக்கொன்று வேறு. பாப்பி கோடை வருவதற்குள் பூத்து, விதை சிந்தி, செத்துவிடுகிறது. வறட்சியை அது விதையாகக் கிடந்து கழிக்கிறது. பென்ஸ்டமன் தரையோடு தரையாக இலைக்கொத்தைச் சுருக்கிக்கொண்டு கோடையைத் தூங்கிக் கழிக்கிறது. மேரிகோல்டும் குளோப்மேலோவும் உடம்பெல்லாம் வெண்ணிற ரோமம் போர்த்துக்கொண்டு வெயிலிலேயே நிற்கின்றன. வாங்குவதற்கு முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஜூலை மாதம் உங்கள் வாசல் எப்படி இருக்கும் என்பது இதில்தான் இருக்கிறது.

டெசர்ட் மேரிகோல்டிலிருந்து தொடங்குகிறேன். தாவரவியல் பெயர் பெய்லியா மல்டிரேடியாட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க நுண்ணோக்கி ஆய்வாளர் ஜேக்கப் விட்மன் பெய்லியின் நினைவாக வைத்த பெயர் அது. நம் செண்டுமல்லிக்கும் இதற்கும் உறவு சூரியகாந்திக் குடும்பம் என்ற அளவோடு சரி. செடியின் அடிப்பகுதி ஒரு முழங்கூட உயராத, சாம்பல் பூசியது போன்ற இலைக் குவியல். அதிலிருந்து இலையே இல்லாத மெல்லிய காம்புகள் ஓர் அடிக்கு மேலே எழும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரே ஒரு மஞ்சள் பூ. இதழ்கள் வரிசை வரிசையாக நெருங்கியிருக்கும், ஒவ்வோர் இதழின் நுனியும் மூன்று பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். பூ முற்றியதும் இதழ் உதிராது. மஞ்சள் வெளிறிக் காகிதம் போலாகி, கீழ்நோக்கி மடிந்து, விதை முற்றும்வரை காம்பிலேயே இருக்கும்.

நான்கில் இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறேன். காரணம் அழகு மட்டுமில்லை, பூக்கும் காலம். மற்ற மூன்றும் முக்கியமாக வசந்தத்தில் பூப்பவை. இது மார்ச்சில் தொடங்கி, கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் காட்டினால், நவம்பர் வரைக்கும் விட்டு விட்டுப் பூக்கிறது. ஜூலையில் தெருவே காய்ந்து கிடக்கும்போது சரளைக்கு நடுவே மஞ்சளாக ஏதாவது நிற்கிறதென்றால் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில் கொத்துக் கொத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காம்பு நீளமாக இருப்பதால் வெட்டிச் சிறு செம்பில் வைக்கலாம். இதழ் கொட்டாது என்பதால் சாமி படத்தருகே வைத்தாலும் குப்பையாகாது.

குறைகளும் உண்டு. ஒரு செடியின் ஆயுள் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு மூன்று ஆண்டு. ஆனால் விதை சிந்தித் தானே முளைப்பதால், இடம் காலியாவதில்லை; இடம்தான் மாறும். நேற்று வரப்போரம் நின்றது அடுத்த ஆண்டு நடைபாதை இடுக்கில் நிற்கும். வரிசையும் ஒழுங்கும் வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது. இன்னொன்று, செம்மறி ஆட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் இது நஞ்சு. நகருக்குள் இருப்பவர்களுக்குப் பொருட்டில்லை. குவீன் க்ரீக், பக்கை மாதிரி ஓரப் பகுதியில் நிலம் வாங்கி ஆடு வளர்ப்பவர்கள் இதை வேலிக்கு உள்ளே விடக்கூடாது.

குளோப்மேலோ, அதாவது ஸ்பெரால்சியா அம்பிகுவா, நமக்கு அந்நியமான முகம் இல்லை. செம்பருத்தி, வெண்டை, பருத்தி, துத்தி எல்லாம் இருக்கும் குடும்பம். பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் துத்தியின் சாயல் அப்படியே தெரியும். காயும் துத்திக்காய் போலத்தான், சக்கரமாக அடுக்கிய சிறு அறைகள். இரண்டு மூன்றடி உயரம் வளரும் குறுஞ்செடி. காட்டில் பெரும்பாலும் செம்மஞ்சள். தோட்டத்தில் ரோஜா நிறம், ஊதா, வெள்ளை, சிவப்பு என்று எல்லாம் கிடைக்கிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை செடியே தெரியாத அளவுக்குப் பூ மூடும். இந்தப் பூவையே பெரிதும் நம்பி வாழும் டயடேசியா என்ற காட்டுத் தேனீ இனம் இருக்கிறது. காலையில் அருகில் போய் நின்றால், பூவின் கிண்ணத்துக்குள் உடம்பெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு அது புரள்வதைப் பார்க்கலாம். மேரிகோல்டைவிட ஆயுளும் அதிகம், உறுதியும் அதிகம். வேர் பிடித்துவிட்டால் கோடையில் மாதம் ஒருமுறை தண்ணீரே அதிகம்.

அப்படியானால் ஏன் இதை இரண்டாவதாக வைக்கிறேன்? இதன் ரோமம்தான் காரணம். இலையிலும் தண்டிலும் இருக்கும் ரோமங்கள் நட்சத்திர வடிவில் கிளைத்தவை. உதிர்ந்து பறந்து கண்ணில் பட்டால் நல்ல எரிச்சல். இங்குள்ள ஸ்பானிய மொழிக்காரர்கள் இந்தச் செடியையே கண்ணோவு என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு இதை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் குச்சியாகிப் படர்ந்து கிடக்கும். அந்த வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழந்தைகள் ஓடி விளையாடும் நடைபாதை ஓரத்திலோ, வாசற்படி அருகிலோ இதை வைக்காதீர்கள். சுவரோரம், தெருப்பக்க மூலை, அஞ்சல் பெட்டிக்குப் பின்னால் என்று கொஞ்சம் ஒதுக்குப்புறமாக இருந்தால் இதைவிட நல்ல செடி இல்லை. நிறத்தில் பிடிவாதம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல நிறச் செடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவற்றின் விதையில் முளைப்பவை எந்த நிறத்தில் வரும் என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட நிறம்தான் வேண்டும் என்றால் பூத்திருக்கும் தொட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

பாரி பென்ஸ்டமனுக்கு வாதாட ஹம்மிங்பேர்டே போதும். தரையோடு ஒட்டிய நீலப்பச்சை இலைக்கொத்திலிருந்து பிப்ரவரியில் மூன்று நான்கடிக் கதிர்கள் கிளம்பும். அதில் அடுக்கடுக்காக இளஞ்சிவப்புக் குழாய்ப் பூக்கள். அன்னா, கோஸ்டா ஆகிய இரண்டு வகை ஹம்மிங்பேர்டுகள் குளிர்காலத்திலும் ஃபீனிக்ஸில் இருப்பவை. கூடு கட்டும் பருவத்தில் அவற்றுக்குத் தேன் வேண்டும், அந்த நேரத்தில் இது பூக்கிறது. சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஐந்தாறு செடி ஒன்றாக வைத்துவிட்டால் பிள்ளைகளை எழுப்ப வேறு வழி தேட வேண்டாம். ஆனால் ஏப்ரல் முடிந்ததும் கதிர் காய்ந்துவிடும். மே முதல் அக்டோபர் வரை அங்கே இருப்பது வாடிய இலைக்கொத்து மட்டும்தான். அந்த நேரத்தில் செடி சாகிறதென்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவதால்தான் பெரும்பாலான பென்ஸ்டமன்கள் சாகின்றன. இலைக்கொத்தின் நடுக்குருத்து மண்ணுக்குள் புதைந்தாலும் அழுகிவிடும். சரளையை அதன்மேல் தள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாப்பியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கலிபோர்னியா பாப்பியின் நெருங்கிய உறவு, ஒரே பருவத்துச் செடி, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பொன்னிறம். ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே பிகாச்சோ பீக் மலைச்சரிவு நல்ல மழை ஆண்டுகளில் முழுக்கப் பொன்னாக மாறுவது இதனால்தான். காட்டில் பார்த்துவிட்டு வீட்டில் வேண்டும் என்று ஆசைப்படாதவர் இல்லை. விதை மலிவு, முளைப்பது எளிது. சாயங்காலமானால், மேகம் மூடினால், பூவும் மூடிக்கொள்ளும். அலுவலகம் போய் இருட்டில் திரும்புபவர்கள் இதை வாரக்கடைசியில்தான் பார்க்க முடியும். மே மாதத்துக்குள் எல்லாம் காய்ந்த வைக்கோலாகிவிடும். வைக்கோலைப் பிடுங்கிய பின் அக்டோபர் வரை வெறும் தரை. எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் கண்டிப்பான குடியிருப்பாக இருந்தால், விதை முற்றுவதற்குள் "காய்ந்த செடியை அகற்றவும்" என்று கடிதம் வரலாம். விதை சிந்தாமல் பிடுங்கினால் அடுத்த ஆண்டு பூ இல்லை.

ஆகவே, ஒரே ஒரு வகைதான் வைக்க முடியும், இடம் வாசலுக்கு முன்னால், பார்த்துக்கொள்ள நேரம் குறைவு என்றால் டெசர்ட் மேரிகோல்ட். பத்தடிக்குக் குறையாத ஒதுக்குப்புறம் இருந்தால் குளோப்மேலோ. ஜன்னலோரம் பென்ஸ்டமன். பாப்பியைத் தனியாக வைக்காமல் மேரிகோல்டுக்கு இடையில் தூவிவிடுவதுதான் சரி: வசந்தத்தில் பொன், அது காய்ந்ததும் மஞ்சள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டும் கேட்கும் மண்ணும் வெயிலும் ஒன்றுதான்.

நான்கில் எதை எடுத்தாலும், அதன் தலைவிதியைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டுச் சொட்டுநீர்க் குழாய். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு மல்லிகை இருக்கும். கோடையில் அவற்றுக்கு வாரம் பல முறை தண்ணீர் போகும்படி டைமர் வைத்திருப்போம். அதே குழாயில் ஒரு கிளையை எடுத்து மேரிகோல்டுக்குக் கொடுத்தால் முதல் மாதம் செழிக்கும், இலை பச்சையாகும், காம்பு நீண்டு சாயும். அப்புறம் ஒருநாள் காலையில் தொட்டால் வேரோடு கையில் வந்துவிடும், அடித்தண்டு கருத்து அழுகியிருக்கும். இந்தச் செடிகள் கேட்பது நீண்ட இடைவெளியும் ஆழமான நனைப்பும். முன்புறத்துக்குத் தனி வால்வு இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் குழாயே வேண்டாம், ஹோஸை எடுத்து நீங்களே ஊற்றுவது நல்லது. எருவும் அப்படித்தான். செடி நடும்போது குழியில் ஒரு கூடை எரு போடுவது நம் கைப்பழக்கம். ரோஜாவுக்கு அது சரி. இங்கே சத்து கூடினால் இலை பெருகும், பூ குறையும். மண்ணை அப்படியே விடுங்கள். மரச்சிராய் மூடாக்கும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்து அழுகலைக் கொண்டுவரும். பொடி கலந்த கிரானைட் சரளை மெல்லிய அடுக்காக இருந்தால் போதும். பெரிய கல்லாகக் கனமாகக் கொட்டியிருந்தாலோ, அடியில் பிளாஸ்டிக் துணி விரித்திருந்தாலோ, விதை முளைக்க வழியில்லை.

அடுத்த கேள்வி விதையா, தொட்டிச் செடியா. பாப்பிக்கு விதை மட்டும்தான். ஆணிவேர் அசைந்தால் பிழைக்காது. குளோப்மேலோவுக்குத் தொட்டி, அதன் விதையின் ஓடு கெட்டி, உரசிவிடாமல் போட்டால் ஒழுங்காக முளைக்காது. பென்ஸ்டமனுக்கும் தொட்டிதான் என் தேர்வு, விதையில் போட்டால் கதிர் காண இரண்டாவது வசந்தம்வரை காத்திருக்க நேரலாம். மேரிகோல்டுக்கு இரண்டும் நடக்கும். பெரிய இடமென்றால் விதை. சிறிய இடமென்றால் ஒரு காலன் தொட்டி இரண்டு மூன்று வாங்கி வைத்து, அவை சிந்தும் விதையை நம்பலாம். காய்ந்த பூத்தலை ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால், உமி நிறத்தில் சிறு குச்சித் துண்டுகள் போல விதை உதிரும். பஞ்சு கிடையாது, அதனால் காற்றில் வெகுதூரம் போகாது. வேண்டிய இடத்தில் நீங்களே தூவலாம்.

எதுவானாலும் நடவுக் காலம் அக்டோபரும் நவம்பரும்தான். மார்ச்சில் நர்சரியில் பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்குவதுதான் எல்லாரும் செய்வது. ஆனால் வேர் இறங்குவதற்குள் மே வந்துவிடும். விதையை நாலைந்து பங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவி, ரேக்கால் மெல்லக் கீறிவிட்டு, காலால் மிதித்து அமுக்கினால் போதும். மண் மேலே ஒரு விரல் நகக் கனத்துக்குமேல் வேண்டாம். முளைக்கும்வரை மேல்மண் காயாமல் தெளிக்க வேண்டும். நான்கு இலை விட்டபின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். புறாவும் காடையும் விதையைப் பொறுக்கும், முயல் இளம்செடியைக் கடிக்கும். முதல் குளிர்காலத்துக்கு மட்டும் கோழிக்கூட்டு வலை போட்டு மூடுங்கள்.

நல்ல விதை போட்டும் ஒன்றுமே முளைக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, தோட்டக்காரர் என்ன தெளித்தார் என்பதைத்தான். சரளை முற்றங்களுக்கு இலையுதிர் காலத்தில் களை முளைக்காதிருக்க ஒரு மருந்து தெளிப்பது இங்கே வழக்கம். அந்த மருந்துக்குக் களைவிதை எது, பூவிதை எது என்று தெரியாது. தெளித்தால் பல மாதம் எதுவும் முளைக்காது. அந்த ஆண்டு தொட்டிச் செடியோடு நிறுத்திக்கொண்டு, தெளிப்பதை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு விதைப்பதே வழி.

தெளிக்காமல் விட்டால் களையும் வரும், கையால்தான் பிடுங்க வேண்டும். அதில் ஒன்றைக் கட்டாயம் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து ஃபீனிக்ஸ் வட்டாரம் முழுக்கப் பரவியிருக்கும் ஸ்டிங்க்நெட், குளிர்காலத்தில் பாப்பி முளைக்கும் அதே சமயத்தில்தான் முளைக்கிறது. இரண்டுக்கும் கேரட் இலை போல நறுக்கிய இலை. பாப்பியின் இலை நீலச் சாம்பல் பூத்தது, முதல் விதையிலை இரண்டும் கவைபோல் பிரிந்திருக்கும். ஸ்டிங்க்நெட் பளிச்சென்ற பச்சை, கசக்கினால் நாற்றம். பூ விடும்வரை காத்திருந்தால், மஞ்சள் குண்டுமணி போன்ற அந்தத் தலைகளிலிருந்து அடுத்த ஆண்டுக்கு உங்கள் தெருவுக்கே விதை கிடைத்துவிடும். இன்னொன்று நமக்குத் தெரிந்த முகம்: தமிழ்நாட்டில் மாட்டுத் தீவனமாக வளர்க்கும் கொழுக்கட்டைப் புல். அரிசோனாவிலும் மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்ததுதான். இப்போது மலைச்சரிவுகளில் பரவித் தீயைக் கூட்டிவருகிறது, தீயைத் தாங்கப் பழகாத சகுவாரோ கள்ளிகள் அதில் கருகுகின்றன. வாசலில் முளைத்தால் தூரோடு எடுங்கள்.

இதனால்தான், ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு பொட்டலம் மேரிகோல்ட் விதை எடுத்துப்போகலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன். அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் விதை கொண்டுபோவது விதிமீறல். தவிர, ஐப்பசி மழையில் இதன் வேர் தாங்காது. அங்கே வறண்ட நிலத்தில் மஞ்சள் பூ வேண்டுமென்றால் ஆவாரை இருக்கிறது, அந்த மண்ணுக்கே பிறந்தது.

கடைசியாக, "வைல்ட்ஃப்ளவர் மிக்ஸ்" என்று விற்கும் கலவைப் பொட்டலங்கள். மேலட்டைப் படத்தைப் பார்த்து எடுக்காமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். பலவற்றில் ஆப்பிரிக்க டெய்சி போன்ற வெளியூர்ப் பூக்கள் பாதிக்குமேல் இருக்கும். அவையும் பூக்கும், ஆனால் நெருக்கி முளைத்து மேரிகோல்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேரிகோல்ட் ஒரு பொட்டலம், பாப்பி ஒரு பொட்டலம் என்று தனித்தனியாக வாங்கி வீட்டில் நீங்களே கலந்துகொள்ளுங்கள். பாப்பி வேகமாகப் படரும் என்பதால் அதன் பங்கு பாதிக்கும் குறைவாக இருக்கட்டும்.